கிரயப் பத்திரமும் குடியிருந்தவர்களும்

சக பத்திரிகையொன்று தன் ஆண்டு மலரில் பிரசுரித்திருக்கும் நீண்ட கட்டுரையில், அமெரிக்க ஐக்கிய நாடுகள் அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரை வரை பரவிய சரித்திரத்தை, வாளை நம்பாமல் விலைகொடுத்தே ஒரு கண்டத்தைச் சொந்தமாக்கிக்கொண்ட நாகரிகத்தின் உதாரணமாக நிறுத்தியிருப்பதையும், நம் நண்பர்கள் சிலரே அதைப் பாராட்டிக் கடிதம் எழுதியிருப்பதையும் கண்டபின், மௌனமாக இருப்பது எங்களுக்குச் சாத்தியமாகவில்லை.

1803இல் ஜனாதிபதி ஜெபர்சனின் அரசாங்கம் நெப்போலியனிடமிருந்து லூயிசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியதும், சுமார் 8,28,000 சதுர மைல் பிரதேசம் சேர்ந்து இளம் குடியரசின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானதும் உண்மையே. ஆனால் விற்றவன் கையில் என்ன இருந்தது? நியூ ஆர்லியன்சில் அவனுடைய கொடி அவ்வாண்டு நவம்பர் 30 முதல் டிசம்பர் 20 வரைதான் பறந்தது. ஓசேஜ்களும் லகோட்டாக்களும் இன்னும் பல பூர்வகுடி ஜனங்களும் வாழ்ந்த மேற்குச் சமவெளிகளில் அவன் ஆணை செல்லவே இல்லை. அந்நிலத்தை அதன் குடிகளிடமிருந்து பெறுவதில் வேறெந்த ஐரோப்பிய வல்லரசும் குறுக்கிடாது என்ற உறுதிக்குத்தான் அந்த விலை கொடுக்கப்பட்டது. அதனால்தான் 1808இல் ஓசேஜ்களோடு தனியே உடன்படிக்கை செய்து, ஏற்கெனவே கிரயமானதாகச் சொல்லப்பட்ட மண்ணையே மீண்டும் எழுதி வாங்க நேர்ந்தது. பூர்வகுடிகளுக்குக் குடியிருக்கும் பாத்தியதை மட்டுமே உண்டு, அதையும் அரசாங்கத்துக்கன்றி வேறெவருக்கும் அவர்கள் விற்கலாகாது என்று 1823இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தபோது இந்த ஏற்பாடு சட்டமாகவே நிலைபெற்றது. வாங்குபவன் ஒருவனே என்றால் விலை சொல்பவனும் அவனே. குடியேறிகள் எல்லையிலும் அவர்களுக்குப் பின்னால் படையும் நிற்கும்போது போடப்படும் கையெழுத்தை எந்தச் சிவில் கோர்ட்டு சம்மதம் என்று ஒப்புக்கொள்ளும்?

கட்டுரையாசிரியர் பெருமையோடு காட்டும் மற்றோர் ஒன்றரைக் கோடி, 1848ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, மெக்ஸிகோ விட்டுக்கொடுத்த நிலத்துக்காக அதற்குக் கொடுக்கப்பட்டது. உடன்படிக்கை கையெழுத்தானபோது அமெரிக்கச் சேனை மெக்ஸிகோ நகரிலேயே இருந்ததை அவர் சொல்லவில்லை.

இவ்விடத்தில் எங்கள் பழைய அபிமானம் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவராயிருந்த செக்கோயா என்ற செரோக்கிப் பூர்வகுடி வெள்ளித் தட்டார், பல்லாண்டுகள் தனியே உழைத்து, 1821 அளவில் தம் மொழியின் அசைகளுக்கென 80க்கு மேற்பட்ட எழுத்துகளை ஆக்கி முடித்தார். பாஸ்டனில் அந்த எழுத்துகளுக்கு அச்சு வார்க்கப்பட்டு, 1828 பிப்ரவரியில் நியூ எக்கோட்டாவில், செரோக்கியும் ஆங்கிலமும் பத்தி பத்தியாகக் கலந்த ஒரு பத்திரிகை வெளிவந்தது; செரோக்கி அறியாத அச்சுக்கோப்பாளர்கள் அந்த எழுத்துகளைக் கோக்கப் பழகினார்கள். அதன் ஆசிரியர் எலையஸ் பூடினோட்டின் வாழ்வை நினைக்குந்தோறும் எங்கள் நெஞ்சு கனக்கிறது. செரோக்கி மண்ணில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாதென்று 1832இல் அதே மார்ஷல் தீர்ப்பளித்தும் பயனில்லாமற்போகவே, மண்ணை விட்டுப்போக மறுத்து எதிர்த்து நிற்பது நாசத்தில் முடியும் என்று எண்ணத் தலைப்பட்ட அவர், அந்த அபிப்பிராயத்தை அச்சிட ஜனத்தலைவர் ஜான் ராஸ் இடங்கொடாததால் ஆசிரியப் பொறுப்பைத் துறந்தார். 1835இல் 50 லட்சம் டாலருக்குத் தாய்மண்ணை விட்டுக்கொடுத்த உடன்படிக்கையில், ராஸின் சம்மதமின்றிக் கையெழுத்திட்ட சிறு குழுவில் அவரும் இருந்தார். செனட்டில், ஒரு வாக்கு மாறியிருந்தாலும் தோற்றிருக்கும் என்ற நிலையில், அது நிறைவேறியது. 1838இல் சுமார் 16,000 பேர் மேற்கே விரட்டப்பட, முகாம்களிலும் வழியிலும் ஏறக்குறைய 4,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். மறு ஆண்டு பூடினோட்டை அவருடைய ஜனங்களே கொன்றார்கள். ஒரு பத்திரிகாசிரியரை அந்நிலைக்குக் கொண்டு நிறுத்திய நிர்ப்பந்தத்தை மறந்துவிட்டு, அவருடைய கையெழுத்தைக் காட்டிக் கிரயம் முறையாக நடந்தது என்று எழுத எப்படி மனம் வருகிறது?

இதைத் தனியொருவர் பிழையாக நாங்கள் கருதவில்லை. வர்க்கத்தைக் கொண்டே சகலத்தையும் அளந்த விமரிசனத்தில் சலித்து வெளியேறியவர்களில் ஒரு சாரார், வென்ற அரசு எதுவாயினும் அதன் நிர்வாகத் திறமையை வியப்பதே சரித்திர ஞானம் என்று கொண்டுவிட்டார்கள். திறந்து கிடந்த நிலமே ஜனநாயகத்தை வளர்த்தது என்று 1893இல் சிக்காகோவில் சரித்திராசிரியர் டர்னர் படித்த கோட்பாடு இவர்கள் கையில் புத்துயிர் பெறுகிறது. 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி பூமியை ஆறு மைல் சதுரங்களாகச் சங்கிலி பிடித்து அளந்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பங்குகளாக்கி, 16ஆம் பங்கைப் பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கிய ஏற்பாட்டை நாங்களும் மதிக்கிறோம். ஆனால் சங்கிலி வருமுன்பே அங்கே மக்காச்சோளம் விதைத்து அறுத்தவர்களை அந்த வரைபடத்தில் காணோம்; அவ்வரைபடத்தை ஆராய்பவர்களின் கட்டுரையிலும் காணோம்.

விலை என்ற வாதத்துக்கு லகோட்டாக்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களுக்கென்று உறுதிசெய்த பிளாக் ஹில்ஸ் மலைப்பிரதேசத்தை, பொன் கண்டபின், 1877இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாக, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை சேரவேண்டும் என்பதை 1980இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர்களோ அதை வாங்க மறுத்து, மலையைத்தான் கேட்டுவருகிறார்கள். கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வருமென்று சக பத்திரிகை அறிவித்திருக்கிறது. லகோட்டாக்களின் இந்த மறுப்பைக் கட்டுரையாசிரியர் அதில் எடுத்துக்கொண்டு விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.