மேக்னா மோகமும் மூடாத தொட்டியும்

இது கொஞ்சம் காரமான பதிவு. எங்க சங்கரன்கோயில் வெயிலோட ஒப்பிட்டா இந்தக் காரம் கம்மிதான், அதனால கோவிச்சுக்காதீங்க.

கப்பி, மோலி, ஃபைட்டர்னு மொட்டைமாடியில நாலு தொட்டி போட்டு, குஞ்சு எடுத்து, கடையில குடுத்துக் கைச்செலவுக்குத் தேத்துற பசங்க எங்க பக்கம் நிறைய பேர் இருக்காங்க. குஞ்சு பிழைச்சாத்தான் காசு. குஞ்சு பிழைக்க உயிர்த்தீனி வேணும். அதுக்காக அவங்க தேடிப் படிக்கிறது நம்மள மாதிரி ஆளுங்க எழுதினதைத்தான். நாம எழுதி வச்சிருக்கிற செய்முறையோ மொத்தமே ரெண்டு வரி: "டாப்னியா மேக்னா வாங்கு. பச்சைத் தண்ணித் தொட்டியை வெயில்ல திறந்து வை."

ரெண்டு வரியும் தப்பு. முதல் வரி பையனோட காசைத் தின்னும். ரெண்டாவது வரி ஆளையே தின்னும்.

தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. நீர்த்தெள்ளுங்கிறது நிஜத் தெள்ளுப்பூச்சி இல்லை. இறால், நண்டு வகையறாவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். தண்ணிக்குள்ள தத்தித் தத்திப் போறதைப் பார்த்துட்டு 1669-ல ஸ்வாமர்டாம்னு ஒரு டச்சுக்காரர் தெள்ளுன்னு பேர் வச்சார், அது ஒட்டிக்கிச்சு. கிருமி, பாசி, ஈஸ்ட்னு தண்ணியில மிதக்கிற பொடிப்பொடிச் சமாசாரத்தை வடிகட்டித் தின்னும். நிலைமை நல்லா இருந்தா ஆணே தேவையில்லை, பெண்ணே பெண்ணாப் பெத்துப் போட்டுக்கிட்டுப் போகும்.

இதுல மேக்னாங்கிறது குளிர்ப்பிரதேசத்து ஆளு. 18-லேருந்து 22 டிகிரி தண்ணிதான் அதுக்குச் சௌகரியம். சித்திரை வைகாசியில எங்க ஊர்ல வெயில் 37, 38-ன்னு போகும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்து நிறுத்திக்கிடுது, எங்களுக்கு வெறும் காத்துதான் வருது. மொட்டைமாடி பிளாஸ்டிக் டப்புல தண்ணி தொட்டா சுடும். அதுல மேக்னாவை விட்டுட்டு, "அண்ணே, மூணு நாள்ல எல்லாம் அடியில வெள்ளையா கெடக்குண்ணே"ன்னு பையன் கேட்டா, நம்ம வல்லுநர்கள் சொல்ற பதில் என்ன தெரியுமா? "ஏசி ரூம்ல வச்சுப் பாருங்க தம்பி." ஏன்யா, வீட்டுல தாத்தாவுக்கே ஏசி கிடையாது, தெள்ளுக்கு ஏசியா?

நம்ம ஊருக்குன்னே ஒரு ஆளு இருக்கான். மொய்னா. கூப்பிட்டா வர்ற தூரத்துல இருக்கான். மழை பெஞ்சு குட்டை நிறைஞ்சா தானா வந்து நிப்பான். 24-லேருந்து 31 டிகிரி வரைக்கும் அவனுக்கு உற்சாகம். 26 டிகிரியில நாலஞ்சு நாள்ல வயசுக்கு வந்து, அதுக்கப்புறம் ஒண்ணரை, ரெண்டு நாளைக்கு ஒரு ஈடு குட்டி போடும். காய்ஞ்ச எடையில பாதி புரதம். பெரிய மொய்னாவே ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், குட்டி அதுல பாதிகூட இருக்காது. அதனால பிறந்த கப்பிக்குட்டி வாய்க்கு அளவாப் போகும். (ஃபைட்டர் குஞ்சுக்கு முதல் சில நாள் இதுவும் பெரிசு. அதுக்கு இன்ஃபுசோரியாதான். அது தனிப்பதிவு.) மேக்னா அஞ்சு மில்லிமீட்டர் வரைக்கும் வளரும். குஞ்சு வளர்க்கிறவன் அதை வச்சு என்ன பண்ணுவான், குஞ்சு மேல ஏத்திச் சவாரி விடுவானா?

இதுக்கு எதிர்வாதம் ஒண்ணு உண்டு, அதையும் சொல்லிடுறேன். வளர்ந்த ஏஞ்சல், கோல்ட் ஃபிஷ் வச்சிருக்கிறவங்களுக்கு மேக்னா நல்ல தீனிதானே? ஆமா, நல்ல தீனிதான். ஊட்டியிலயோ கொடைக்கானல்லயோ இருக்கிறவங்க தாராளமா வளர்க்கலாம், நான் வந்து கையைப் பிடிக்கப் போறதில்லை. ஆனா தென்காசி, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துப் பையனுக்கு, நெல்லைக்காரனுக்கு, பார்சல் சார்ஜோட ஒரு பாட்டில் மேக்னா விக்கிறதும், அதை வாங்கச் சொல்லி எழுதுறதும் என்ன நியாயம்?

அதுலயும் ஒரு தில்லாலங்கடி இருக்கு. "சிவப்பு டாப்னியா, சத்து ஜாஸ்தி"ன்னு படம் போட்டு விக்கிறாங்க. அய்யா, தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சா, இருக்கிறதைப் பிடிச்சு வச்சுக்க அது ஹீமோகுளோபினைக் கூட்டிக்கிடும், அதனால உடம்பு செவக்கும். மேக்னாவும் அப்படித்தான், மொய்னாவும் அப்படித்தான். அது தனி ரகம் இல்லை. மூச்சு முட்டுறவன் முகம் செவந்திருக்கிறதைப் பார்த்துட்டு என்ன தேஜஸ்னு கும்பிடுற கதை.

இது வரைக்கும் போறது காசு மட்டும்தான். எனக்கு உண்மையிலேயே கோபம் வர்றது அந்த ரெண்டாவது வரி மேலதான்.

"தொட்டியைத் திறந்தே வைங்க, கொசு முட்டை போடும், கொசுப்புழு போனஸ் தீனி." இதை ஒருத்தர் ரெண்டு பேர் எழுதலை, பாதிப்பேர் எழுதியிருக்காங்க. கீழ ஸ்மைலி வேற.

எங்க ஊர்லேருந்து புளியங்குடி தாண்டினா கடையநல்லூர். 2012 மே, ஜூன்ல அங்க என்ன நடந்துச்சுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? டெங்கு. அன்னிக்கு அது திருநெல்வேலி மாவட்டம் (2019 நவம்பர்லதான் தென்காசி மாவட்டம்னு பிரிஞ்சுச்சு, சங்கரன்கோயிலும் அதோட போச்சு). அந்த வருசம் தமிழ்நாடு முழுக்க அரசாங்கக் கணக்குலயே 12 ஆயிரத்துக்கு மேல பாதிப்பு, 66 சாவு. திரும்ப 2017-ல 23 ஆயிரத்துக்கு மேல, 65 சாவு. எங்க பக்கம் காய்ச்சல்னா அப்பல்லாம் பேச்சு மூச்சு நின்னுடும். அந்தப் பக்கத்துலேருந்து படிக்கிற ஒருத்தன்கிட்டப் போயி, "கொசுப்புழு போனஸ்"னு சொல்றீங்க.

டெங்குக் கொசு ஏடிஸுக்குச் சாக்கடை தேவையில்லை. வீட்டுலயும் வீட்டைச் சுத்தியும் தேங்கின நல்ல தண்ணிதான் வேணும். டிரம், தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர். தொட்டிச் சுவர்ல தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணியைக் கொட்டிக் காயப்போட்டாலும் அந்த முட்டை மாசக்கணக்குல சாகாது, மறுபடி தண்ணி பட்டா பொரிக்கும். வெயில் காலத்துல முட்டையிலேருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். "நான் தினமும் வலை போட்டு அள்ளிடுவேன்"னு சொல்றீங்களா? தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு நாலு நாள் போவீங்க இல்லை? ஐப்பசி கார்த்திகை மழையில காய்ச்சல் அடிச்சு நீங்களே படுப்பீங்க இல்லை? அப்ப யார் அள்ளுவா? அதுல பறக்கிற கொசு உங்க வீட்டை மட்டும் கடிக்குமா, இல்லை பக்கத்து வீட்டு ரெண்டாம் கிளாஸ் பிள்ளையையா?

இன்னொரு கோஷ்டி இருக்கு. நகராட்சியிலேருந்து வீடு வீடா வர்ற கொசு ஒழிப்புப் பணியாளர்களை, பெரும்பாலும் தினக்கூலிக்கு வர்ற பெண்கள், அவங்களை வில்லியாக்கி எழுதுற கோஷ்டி. "என் கல்ச்சர்ல மருந்தை ஊத்திட்டாங்க, மொத்தமும் செத்துப் போச்சு." ஆமா, சாகும். அவங்க ஊத்துறது அபேட், அதாவது டெமிபாஸ். குடிக்கிற தண்ணியிலயே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரைக்கும் போடலாம்னு உலக சுகாதார நிறுவனம் அனுமதிச்ச மருந்து. மனுசனுக்கு ஒண்ணும் ஆகாத அந்த அளவு தெள்ளுக்கு எமன். உலகம் முழுக்க ஒரு ரசாயனம் தண்ணியை எவ்வளவு கெடுக்கும்னு பார்க்க, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத டாப்னியாவை அதுல விட்டு 48 மணி நேரம் வேடிக்கை பார்க்கிறாங்க, ஓ.இ.சி.டி. வகுத்த முறையே இருக்கு. அவ்வளவு நோஞ்சான் பிராணி. ஆனா குத்தம் யார் மேல? திறந்து கிடக்கிற தொட்டி, உள்ள புழு நெளியுது. அந்தம்மாவுக்கு அதுல உங்க ஆராய்ச்சியா தெரியும்? அவங்க வேலையை அவங்க பார்த்தாங்க. ஒழுங்கா மூடி வச்சு, உள்ள புழு இல்லைன்னு காட்டி, "அக்கா, இது மீனுக்கு வளர்க்கிறது, மருந்து வேண்டாம்"னு சொன்னா கேட்டுக்கிடுவாங்க. சந்தேகம்னா ஒரு டம்ளர்ல மோந்து வெளிச்சத்துல காட்டுங்க. கொசுப்புழு நீளமா நெளியும், தலைகீழாத் தொங்கும். மொய்னா புள்ளி புள்ளியாத் தத்தும். பச்சைப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

மூடுறதுக்கு என்ன பெரிய செலவு? பழைய வேட்டித்துணி, சுத்தி ஒரு எலாஸ்டிக். சங்கரன்கோயில் தறி ஓடுற ஊரு, துணிக்கா பஞ்சம்? காத்து போகும், கொசு போகாது. தொட்டி நிழல்ல இருக்கணும். "வெயில் இல்லாம பச்சைத் தண்ணி எப்படி"ன்னு கேப்பீங்க. பச்சைத் தண்ணியைத் தனியா பாட்டில்ல போட்டு வெயில்ல வைங்க, மூடி போட்டு. தெள்ளை நிழல்ல வைங்க. ரெண்டையும் ஒரே தொட்டியில நடத்தணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

சாணியைப் பத்தியும் சொல்லிடுறேன், அதுக்கும் ரசிகர் மன்றம் இருக்கு. பண்ணைக் குளத்துக்கு அது சரி. மொட்டைமாடி இருபது லிட்டர் டப்புக்குச் சாணி போட்டா ஒரே ராத்திரியில ஆக்சிஜன் காலி, மறுநாள் காலையில வீட்டு அம்மா உங்களை நாடு கடத்துவாங்க. ஈஸ்ட் போதும். பேக்கரிக்காரங்க போடுற ஈஸ்ட்தான். இருபது லிட்டருக்கு ஒரு சிட்டிகை, வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊத்தணும். தண்ணி லேசாப் பால் கலந்த மாதிரி மங்கும். 24 மணி நேரத்துல தெளிஞ்சா தெள்ளு தின்னுருச்சுன்னு அர்த்தம், அடுத்த சிட்டிகை போடலாம். தெளியலைன்னா கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கணும். இந்தச் சும்மா இருக்கிறதுதான் நம்மாளுகளால முடியாத காரியம். மூணாம் நாள் பொறுமை போயி ஒரு ஸ்பூன் போடுறது, நாலாம் நாள் ஒட்டுமொத்தமாச் செத்து நாறுறது, அஞ்சாம் நாள் "டாப்னியா நம்ம ஊருக்கு ஒத்து வராது"ன்னு பதிவு போடுறது.

குழாய்த்தண்ணியை நேரா ஊத்தக்கூடாது, குளோரின் கொன்னுடும். ஒரு நாள் பிடிச்சு வச்சு ஊத்துங்க. மீன் தொட்டியில மாத்துற பழைய தண்ணி அதைவிட உத்தமம், ஆனா மீனுக்குச் செம்பு கலந்த மருந்து போட்ட தண்ணின்னா கிட்டயே கொண்டு போகாதீங்க. கல்ச்சர் இருக்கிற ரூம்ல கொசுவிரட்டி லிக்விட் ஓடக்கூடாது. பருத்திக்காட்டுக் கிணத்துத் தண்ணியும் வேண்டாம், என்ன மருந்து அடிச்சிருக்காங்களோ. தினமும் கால்வாசி தெள்ளை அள்ளித்தான் ஆகணும், கஞ்சத்தனம் பண்ணி விட்டா நெரிசல்ல அதுவே செத்துடும். ஒரே தொட்டியை நம்பாம மூணு டப்புல பிரிச்சு வைங்க. ஒண்ணு கவுந்தா இன்னொண்ணு.

முதல் விதையைக் குளத்துலேருந்து வலை போட்டு எடுக்கிறதுல தப்பில்லை. ஆனா மீன் இருக்கிற குளம் வேண்டாம், மீன்பேன் கூடவே வரும். குட்டைத் தண்ணியில சைக்ளாப்ஸும் இருக்கும், பின்னாடி ரெண்டு முட்டைப் பையைத் தூக்கிக்கிட்டு வெடுக்வெடுக்குன்னு ஓடுறது. தெள்ளுன்னு நினைச்சு அதையே வளர்க்கிறவங்க உண்டு. பிறந்த குஞ்சையே அது கடிக்கும். (அந்தக் காலத்துல நரம்புச் சிலந்தி நோய் வந்தது இந்தச் சைக்ளாப்ஸ் கலந்த தண்ணியைக் குடிச்சுத்தான். 2000-ல இந்தியா அந்த நோய் ஒழிஞ்ச நாடுன்னு சான்றிதழ் வாங்கிருச்சு.) டம்ளர்ல ஊத்தி, லென்ஸ் வச்சுப் பார்த்து, இங்க் ஃபில்லரால ஒரு பத்து மொய்னாவைத் தனியா உறிஞ்சு எடுங்க. பத்து போதும், பத்து நாள்ல எண்ண முடியாது.

பாக்கெட் தீனியே போதும்ங்கிறவங்களோட எனக்குச் சண்டை இல்லை, குஞ்சு எத்தனை பிழைக்குதுன்னு அவங்களே எண்ணிப் பார்க்கட்டும். சாக்கடையோரம் வாரின டியூபிஃபெக்ஸ் புழுவை அலசிப் போட்டா சுத்தம்ங்கிறவங்க, அதே தண்ணியில காய்கறி அலசிச் சாப்பிடுவாங்களான்னு மட்டும் கேட்டுக்கிறேன். ஆர்ட்டிமியா நல்ல தீனிதான், தூத்துக்குடி உப்பளத்துலயே இருக்கு. ஆனா நல்ல தண்ணியில விட்டா சில மணி நேரத்துல செத்துடும், மீதி அழுகும். மொய்னா குஞ்சு திங்கிற வரைக்கும் உயிரோட நீந்தும்.

கடைசியா மேக்னா வாங்கிட்டவங்களுக்கு. அது சரிப்படலைன்னு தொட்டியோட கொண்டு போயி ஊர்க் குளத்துல கவுத்துடாதீங்க. வாழ முடியாத நிலைமை வந்தா இந்தத் தெள்ளு, ஆணையும் பெத்து, ஓடு போட்ட உறக்க முட்டை போடும். அது சேத்துல எத்தனை காலம் கிடக்கும்னு நினைக்கிறீங்க? அமெரிக்காவுல மின்னசோட்டா ஏரி ஒண்ணுல கிட்டத்தட்ட 700 வருசத்துக்கு முந்தின டாப்னியா முட்டையைச் சேத்துலேருந்து எடுத்துப் பொரிக்க வச்சாங்க, 2014-ல அதை வெளியிட்டாங்க. அதனால, பெரிய மீன் வச்சிருக்கிற நண்பர்கிட்டத் தீனியாக் குடுத்துடுங்க. மீதித் தண்ணியைக் குளத்துலயும் வாய்க்கால்லயும் ஊத்தாம, காய்ஞ்ச தரையில கொட்டி வெயில்ல காயவிடுங்க. டப்பைச் சுவரோட தேய்ச்சுக் கழுவிட்டு மொய்னாவுக்கு எடுத்துக்கலாம்.

கல்ச்சர் வேணுங்கிறவங்க சங்கரன்கோயில் பக்கம் வந்தா சொல்லுங்க, ஒரு டம்ளர் தர்றேன், காசு வேண்டாம். வரும்போது மேல கட்டத் துணி கொண்டு வாங்க. துணி இல்லாம வந்தா டம்ளர் கிடையாது :-)