அகலச் சாலையும் அவசரப் பயணமும்

சாலையை அகலப்படுத்தினால் விபத்து குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. அகலம் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் சாவும் கூடும் என்று வாதிடுவோரும் உண்டு. எது சரி என்று அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பெங்களூர் – மைசூர் நெடுஞ்சாலையைப் பார்த்தாலே போதும்.

முன்பு நான்கு தடங்களாக இருந்த சாலை ராமநகரம், சென்னப்பட்டணம், மத்தூர், மண்டியா ஆகிய ஊர்களுக்குள் புகுந்து சென்றது. மைசூர் போய்ச் சேர மூன்று மணி நேரம் பிடித்தது. இப்போது நடுவில் ஆறு தடங்கள், இருபுறமும் சேவைச் சாலைகளாக நான்கு தடங்கள் என்று விரிவாக்கப்பட்டு, 2023 மார்ச் 12-ந் தேதி பிரதமரால் திறந்து வைக்கப்பட்டது. பயணம் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. இது நல்ல பணி என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

ஆனால், அந்த ஓர் ஆண்டில் மட்டும் இச்சாலையில் 188 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டான 2024-ல் இறந்தவர்கள் 50 பேர். இடைப்பட்ட காலத்தில் சாலையின் அகலம் ஓர் அடிகூட மாறவில்லை. மாறியது வேறு.

2023 ஆகஸ்டு 1 முதல் நடுத்தடங்களில் இருசக்கர வாகனம், ஆட்டோ, டிராக்டர் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மணிக்கு 100 கிலோ மீட்டர் என்ற வரம்பை மீறுவோரைப் பிடிக்கப் போலீசார் கருவியுடன் நின்றனர். பின்னர் தானியங்கிக் காமிராக்கள் வந்தன. 2024 ஆகஸ்டு முதல் 130 கிலோ மீட்டரைத் தாண்டினால் வழக்கு என்று கர்நாடகப் போலீசார் அறிவித்தனர்.

ஆக, அகலம் மட்டும் உயிரைக் காப்பதில்லை. கண்காணிப்பும் கட்டுப்பாடும் சேர்ந்தால்தான் காக்கும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். விரிந்து கிடக்கும் நேர்ச் சாலை இந்தக் கணக்கை மறக்கடித்து விடுகிறது. 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்ட 1,68,491 பேரில், பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் மாண்டவர்கள். விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, வளைவே இல்லாத நேர்ச் சாலையில் நடந்தவை என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

50 உயிர் என்பதும் சிறிய எண்ணிக்கை அல்ல. காமிராக்கள் பழுதின்றி இயங்க வேண்டும். பால்கேனுடன் செல்லும் மொபெட்டையும், கரும்பு ஏற்றிய டிராக்டரையும் ஓரத்துக்கு அனுப்பியதோடு அதிகாரிகளின் கடமை தீர்ந்து விடாது. சேவைச் சாலை குண்டும் குழியும் இன்றி இருக்க வேண்டும். கிராமத்தார் சாலையைக் கடக்கப் போதிய நடைமேம்பாலங்கள் வேண்டும். இனி எந்தச் சாலையை அகலப்படுத்தினாலும் இந்த ஏற்பாடுகளைச் செய்து முடித்த பிறகே திறக்க வேண்டும். உயிர்கள் போன பிறகு விதிகளை வகுப்பது முறையாகாது.

வாகனம் ஓட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. இந்த 119 கிலோ மீட்டரை நூறு கிலோ மீட்டர் வேகத்தில் கடக்க 71 நிமிடம் ஆகும். 120-ல் பறந்தால் 60 நிமிடம். மிச்சமாவது 11 நிமிடம். குடும்பத்தோடு செல்பவர்கள் அந்தப் பதினொரு நிமிடத்துக்கு என்ன விலை கொடுக்க நேரிடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.