மணிமேகலை பிழைத்த கதையும் சில முகச்சுளிப்புகளும்

பிறர் சிருஷ்டித்த பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டு காதல் கதை எழுதுகிறவர்களைப் பற்றி நம் வட்டத்தில் ஒரே ஒரு அபிப்ராயம்தான் நிலவுகிறது. படித்துப் பார்த்து ஏற்பட்ட அபிப்ராயம் அல்ல அது. பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறி வந்தது.

இப்போது இதைச் சொல்லக் காரணம் நாலு பக்கக் கதை ஒன்று. கல்லூரி மாணவி ஒருத்தி எழுதியது. விடுதியில் ஜெராக்ஸ் பிரதியாகச் சுற்றி, யார் யார் கையிலோ புகுந்து, என்னிடம் வந்தது. 'பொன்னியின் செல்வ'னின் கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவன் கண்ணெதிரே உயிர்விடும் மணிமேகலை (காப்பியத்து மணிமேகலை அல்ல, கடம்பூர்ச் சம்புவரையர் மகள்) இந்தக் கதையில் சாவதில்லை. பிழைத்து எழுகிறாள், வந்தியத்தேவனை மணக்கிறாள். மணிரத்னம் 2022, 2023இல் இரண்டு பாகங்களாக எடுத்த படத்தில் இந்தப் பாத்திரமே கிடையாது. படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போன பெண், அங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருந்ததைக் கண்டு திடுக்கிட்டு எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கதையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் பின்பக்கம். படித்தவர்கள் அங்கே தங்கள் அபிப்ராயங்களை எழுதிவைத்திருக்கிறார்கள். பதினேழு பேர். பெரும்பாலானவை எதிர்பார்க்கக்கூடியவைதான். 'அழுதுவிட்டேன்' என்று நாலைந்து. 'அடுத்த பாகம் எப்போது' என்று சில. 'குந்தவை ரொம்ப நல்லவளாக இருக்கிறாள், அவளைக் கொஞ்சம் அழவிட்டிருக்கலாம்' என்று ஒன்று. ஹோட்டலில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கிற குரல் இது. இதற்கு வக்காலத்து வாங்க எனக்கு உத்தேசமில்லை.

ஆனால் ஒருத்தி இப்படி எழுதியிருக்கிறாள்: 'மணிமேகலை இவ்வளவு தெளிவாகப் பேசமாட்டாள். கரிகாலனைக் கொன்றது நான்தான் என்று பழியை ஏற்க முன்வந்தவள், கடைசியில் சித்தம் கலங்கிப் போனவள். மூன்றாம் பக்கத்தில் அவள் வக்கீல் மாதிரி பேசுகிறாள்.' அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து மறுக்கிறது: கலக்கம் தீர்ந்தவள் முன்பைவிடத் தெளிவாகத்தானே பேசுவாள் என்று. மூன்றாவது ஒருத்தி, கலக்கம் எப்போது தீர்ந்தது, அதைக் கதையில் காணோமே என்கிறாள்.

இதற்குப் பெயர் என்ன? ஒரு பாத்திரத்தின் பேச்சை அதன் முந்தைய இருப்போடு வைத்துப் பார்ப்பது, எழுதப்படாமல் விட்ட இடத்தைக் கைவைத்துக் காட்டுவது: இதைத்தானே விமர்சனம் என்று இருபது வருஷமாக நாம் மேடை போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? அந்தப் பெண்களுக்கு அந்த வார்த்தை தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். நம் வட்டத்துக் கவிஞர், விமர்சகரும் கூட, உடனே தீர்ப்பளித்துவிட்டார். 'கல்கியே குப்பை, இது குப்பையில் முளைத்த காளான்.' பிரதி மேஜை மேல்தான் இருந்தது. அவர் கை அதன் பக்கம் போகவில்லை. இதே நண்பர் சென்ற மாதம் சக கவிஞர் ஒருவரின் தொகுதிக்கு மதிப்புரை எழுதினார். 'இருத்தலின் வலியை மௌனத்தின் தளத்தில் சந்திக்கும் வரிகள்' என்கிறார். எந்த வரிகள்? மதிப்புரை முழுவதிலும் ஒரு வரியைக்கூட அவர் தொட்டுக் காட்டவில்லை. 'அழுதுவிட்டேன்' என்று எழுதிய பெண்ணுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம், அவள் நிஜமாகவே அழுதிருக்கக்கூடும் என்பதுதான்.

கல்கியை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 1950இலிருந்து 1954வரை வாரா வாரம் வாசகனை அடுத்த இதழுக்கு இழுத்துச் செல்லத் திட்டமிட்ட எழுத்து அது. அந்தத் திட்டம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தொடர் முடிந்ததும் யாருக்கு யாரோடு கல்யாணம், அப்புறம் யார் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கியும் ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சியே எழுதினார். ஆக, நம் மாணவி செய்திருப்பது புதிய அக்கிரமம் எதுவுமில்லை. விக்கிரமனுக்குப் பத்திரிகை இருந்தது, இவளுக்கு ஜெராக்ஸ் கடை.

வெள்ளைக்காரன் உதாரணம் காட்டினால்தான் நம் நண்பர்களுக்குச் செவி திறக்கும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சாமுவேல் ரிச்சர்ட்ஸனின் 'கிளாரிஸா' 1747–48இல் தவணை தவணையாக வெளிவந்துகொண்டிருக்கும்போதே, அவளைச் சாகவிடாதீர்கள், லவ்லேஸைத் திருத்திச் சேர்த்து வையுங்கள் என்று பொய்ப்பெயரில் கடிதம் எழுதினாள் ஒரு பெண்மணி. லேடி பிராட்ஷா. ரிச்சர்ட்ஸன் மசியவில்லை. கிளாரிஸா செத்தாள். ஆனால் கடிதத் தொடர்பு வருஷக்கணக்கில் நீடித்தது. தன் பிரதியின் ஓரங்களில் அவள் ஆட்சேபங்களை எழுதிவைத்தாள். ரிச்சர்ட்ஸன் அதே ஓரங்களில் பதில் எழுதினார். அந்தப் பிரதி இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவள் சகோதரி லேடி எக்லின் ஒரு படி மேலே போய், கிளாரிஸா பலாத்காரத்துக்கு ஆளாகாதபடி வேறு முடிவே எழுதிவிட்டாள். அது அச்சேறியது 1982இல். ஐரோப்பிய நாவலின் ஆரம்பத்திலேயே, எழுத்தாளன் கையை எட்டிப் பிடித்த வாசகி இருந்திருக்கிறாள். அவனும் அவளைத் தட்டிவிட்டுப் போய்விடவில்லை. மறுத்தான், ஆனால் காரணம் சொல்லி மறுத்தான்.

நம் சிறுபத்திரிகை ஓரங்களில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள்? முந்நூறு பிரதி அச்சடிக்கிறோம். முந்நூறு பேரும் எழுதுகிறவர்கள். ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொள்வதற்கு முந்நூறு தாராளம். ஆனால் 'மூன்றாம் பக்கத்தில் இவள் வக்கீல் மாதிரி பேசுகிறாள்' என்று ஒருவர் எழுதிவிட்டால் அது துரோகம். அடுத்த இதழில் அவர் பெயர் இராது.

அந்தக் கதை நல்ல கதையா என்று கேட்பார்கள். இல்லை. சாவை ரத்து செய்கிற அவசரத்தில் அந்தப் பெண் குந்தவையைப் பொம்மையாக்கிவிட்டாள். இரண்டே வரியில் குந்தவை புன்னகைத்து விலகிக்கொள்கிறாள். கல்கி ஜோடித்த குந்தவைகூட, ராஜ்ய லாபநஷ்டக் கணக்குப் பார்க்காமல் ஒரு காரியம் செய்யாதவள். கரிகாலன் இறந்தது சம்புவரையர் மாளிகையில். அந்த வீட்டுப் பெண்ணைத் தமையனின் நண்பனுக்கு விட்டுக்கொடுப்பதென்றால், அவள் அதற்கு என்ன விலை கேட்டிருப்பாள்? எழுதப்பட வேண்டிய கதை அந்த இடத்தில்தான் இருக்கிறது. பதினேழு பேரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. பதினெட்டாவதாக நான் பின்பக்கத்தில் எழுதிப் பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.