சந்துகளைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் – சிறுவணிகர் நலச் சங்கம்,
மாசி வீதிப் பகுதி, மதுரை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம், மதுரை.

நகல்: காவல் துணை ஆணையர் (போக்குவரத்து).

பொருள்: மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் நடைவழியை மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,



மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி எனச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது எங்கள் ஊர். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்ட இடமே வெளி வீதி. தேர் ஓடும் மாசி வீதிகள் அகலமானவை. அவற்றை மற்ற வீதிகளோடு இணைக்கும் சந்துகள் ஆள் நடக்கும் அளவே உள்ளவை. வீதியில் வியாபாரம், சந்தில் குடித்தனம் என்பதே இங்குள்ள ஏற்பாடு.

அந்தச் சந்துகள் இன்று இருசக்கர வாகனங்களாலும் சரக்கு மூட்டைகளாலும் அடைபட்டுள்ளன. சிலவற்றில் ஒரு முனையில் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். குறுக்கே இரண்டு நிமிடத்தில் போக வேண்டியவர்கள் வீதியைச் சுற்றுகிறார்கள். பால் வாங்கப் போகிறவரும் பள்ளிப் பிள்ளையும் லோடு ஆட்டோக்களுக்கு நடுவே இறங்குவதால் வீதியும் திணறுகிறது. சந்தில் ஆள் நடமாட்டம் குறையவே தையல்கடையும் டீக்கடையும் மூடுகின்றன. இருட்டிய பின் பெண்கள் அந்த வழியே வர அஞ்சுகிறார்கள்.

அண்மையில் ஓர் இரவு எங்கள் சந்தில் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி. 108 வண்டி மாசி வீதியிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. மறுமுனை கேட்டின் சாவி யாரிடம் என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, ஒருவர் முன்னே வண்டிகளை நகர்த்த, நால்வர் தூக்கி வந்தோம்.

வீதியை அகலப்படுத்துவதோ வீடுகளை இடிப்பதோ இதற்குத் தீர்வாகாது. எனவே நாங்கள் கோருவது:

1. எல்லாச் சந்துகளையும் கணக்கெடுத்து, ஊடுவழி எது, முட்டுச்சந்து எது எனப் பதிந்து, பெயர்ப்பலகை வைக்க வேண்டும்.

2. ஊடுவழிகளில் உள்ள கேட்டுகளை அகற்ற வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் நடைபாதைக்கு வகுத்துள்ள குறைந்தபட்ச அகலமான 1.8 மீட்டரை, இடமுள்ள சந்துகளிலாவது தடையின்றி வைத்திருக்க வேண்டும்.

3. சரக்கு ஏற்றி இறக்குவதை இரவு 10 முதல் காலை 7 மணி வரை என வரையறுக்க வேண்டும். சந்து வாயில் மூட்டை அடுக்கத் தடை வேண்டும்.

4. குடியிருப்போருக்கும் கடை ஊழியர்களுக்கும் அருகிலுள்ள வாகன நிறுத்தங்களில் குறைந்த கட்டண மாத அட்டை வழங்க வேண்டும்.

5. பூக்காரர், காய்கறிக்காரர் போன்றோரை விரட்டாமல், 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, சந்து வாயை மறைக்காத இடங்களை ஒதுக்க வேண்டும்.

6. தெருவிளக்குகளையும் உடைந்த சாக்கடை மூடிகளையும் சரிசெய்ய வேண்டும்.

தங்கள் அலுவலர்களும் நாங்களும் சேர்ந்து சந்து சந்தாக நடந்து பார்க்க ஒரு நாளைக் குறித்துத் தருமாறு வேண்டுகிறோம். சித்திரையில் தேர் வருகிறதென்றால் மாசி வீதி முழுவதும் ஒதுங்கி வழிவிடுகிறது. ஒரு ஸ்ட்ரெச்சருக்கு ஆண்டு முழுவதும் அந்த வழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: மதுரை