ஜெயிக்கும் கம்பெனியா, கைக்கு உதவும் கருவியா?

2000-ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டு கையடக்கக் கருவிகளுக்கு இடையே கடும் போட்டி. ஒன்று பாம் நிறுவனத்தின் வி.எக்ஸ்., விலை சுமார் 400 டாலர். மற்றது காம்பாக் அப்போதுதான் இறக்கியிருந்த ஐபேக், சுமார் 500 டாலர். செல்போன் அன்று பெரும்பாலும் பேசுவதற்குத்தான். யாரை எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும், யாருடைய நம்பர் என்ன, இன்றைக்குள் முடிக்க வேண்டிய வேலை எது என்பதையெல்லாம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள நினைத்தவர்கள், அதற்கென்றே இப்படி ஒரு எலெக்ட்ரானிக் டைரி வாங்கினார்கள்.

விவரப் பட்டியலைப் பார்த்தால் இது போட்டியே இல்லை. பாமில் 20 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 8 எம்.பி. நினைவகம், 160-க்கு 160 புள்ளிகள் கொண்ட சாம்பல் நிறத் திரை. ஐபேக்கில் 206 மெகாஹெர்ட்ஸ், 32 எம்.பி., 240-க்கு 320 புள்ளிகளில் பளிச்சென்ற வண்ணத் திரை. பாட்டுக் கேட்கலாம், மின்நூல் படிக்கலாம், ஆபீசிலிருந்து வந்த வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கலாம். நூறு டாலர் கூடக் கொடுத்தால் பத்து மடங்கு வேகம், அதோடு மைக்ரோசாஃப்ட்டின் பாக்கெட் பிசி மென்பொருள். எதை வாங்குவது என்று கேட்டால் பட்டியல் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

அப்படியும் பாமைத் தேர்ந்தெடுத்தவர்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கம்பெனி பின்னால் நொடித்துப்போனது எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தத் தேர்வு தவறாகிவிடவில்லை. எந்தக் கருவி தன் வேலைக்கு உதவும் என்பது ஒரு கேள்வி. எந்தக் கம்பெனி சந்தையைப் பிடிக்கும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பணத்தைக் கொட்டும் பழக்கம் இன்றைக்கும் விட்டபாடில்லை என்பதால்தான் இந்தப் பழங்கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் சிக்கனம் புரியும். 1993 ஆகஸ்டில் ஆப்பிள் 699 டாலருக்கு நியூட்டனை விற்பனைக்கு விட்டது. கையெழுத்தைப் படிக்கும் என்றார்கள். அது தப்புத் தப்பாகப் படித்தது, பத்திரிகைக் கேலிச்சித்திரங்கள் வரைக்கும் ஏறியது. அதே ஆண்டு கேசியோ தயாரித்து டாண்டி விற்ற ஸூமரும் படுத்துவிட்டது. ஸூமருக்கு மென்பொருள் எழுதியவர்களில் ஜெஃப் ஹாக்கின்ஸ் தொடங்கிய பாமும் உண்டு. அடிபட்ட பிறகுதான் ஹாக்கின்ஸ் வேறு வழியில் யோசித்தார்.

சட்டைப் பைக்குள் போகும் அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிக்கொண்டார். சாப்பிடும் சாப்ஸ்டிக் குச்சியைச் சீவி எழுதுகோலாக்கிக்கொண்டார். கூட்டங்களில் யாராவது தேதி கேட்டால் அந்தக் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பது போலச் செய்வார். எப்போதெல்லாம் அதை வெளியே எடுக்கத் தோன்றுகிறது, எடுத்ததும் முதலில் எதைத் தேடுகிறோம் என்று கவனித்தார். அந்தக் கட்டை இன்று கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரக்கட்டையை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர் மெகாஹெர்ட்ஸில் ஆரம்பிக்க முடியாது. கை எங்கே போகிறது என்பதில்தான் ஆரம்பித்தாக வேண்டும்.

1996 மார்ச்சில் வெளிவந்த பைலட் 1000-இன் விலை 299 டாலர். உள்ளே 128 கே.பி. நினைவகம்தான். இரண்டு சிறிய பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடியது. முகப்பில் நான்கு பொத்தான்கள்: நாட்காட்டி, முகவரி, வேலைப் பட்டியல், குறிப்பு. அணைந்து கிடக்கும்போது எதை அமுக்கினாலும் அந்தப் பக்கமே திறந்தபடி கருவி உயிர்பெறும். ‘சேமி’ என்று ஒரு பொத்தானைத் தேட வேண்டியதில்லை; எழுதியது எழுதியபடி இருக்கும். அடிக்கடி செய்கிற வேலைக்கு எத்தனை தட்டல் ஆகிறது என்று அதன் வடிவமைப்பாளர்கள் ஒவ்வொன்றாக எண்ணிக் குறைத்தார்கள். காலை பத்து மணிக்கு ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால், நாட்காட்டிப் பொத்தானை அமுக்கி, பத்து என்ற வரியைக் குச்சியால் தொட்டு, பெயரை எழுதிவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

எழுதும் முறையிலும் அதே துணிச்சல். கண்டபடி எழுதும் கையெழுத்தைக் கருவி கற்றுக்கொள்ளட்டும் என்று நியூட்டன் காத்திருந்தது. பாமோ எழுதுகிறவரைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளச் சொன்னது. கிராஃபிட்டி என்ற அந்த முறையில் ஏறக்குறைய எல்லா எழுத்துக்கும் ஒரே கோடு, குச்சியை நடுவில் எடுக்கக் கூடாது. ஆங்கிலத்தின் முதல் எழுத்துக்குக் குறுக்குக் கோடு கிடையாது. கூரை போல ஏறி இறங்கினால் போதும். இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தால் இடைவெளி, வலமிருந்து இடமாக இழுத்தால் அழிப்பு. எண்களுக்கு வலப்பக்கம் தனிக் கட்டம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பழகினால் கைக்கு வந்துவிடும், வந்தபின் பிழையும் குறைவு. மனிதன் பத்துப் பதினைந்து நிமிடம் இறங்கி வந்தால் இயந்திரம் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பது மிக நியாயமான ஒப்பந்தம்.

ஐபேக் மோசமான கருவி என்று சொல்லிவிட முடியாது. கடைகளில் கிடைக்காமல் மக்கள் காத்திருந்து வாங்கிய அளவுக்கு அதற்குக் கிராக்கி இருந்தது. வெயிலில் தெரியும் திரை, முதுகில் மாட்டும் உறைகள் வழியாக மெமரி கார்டையும் மற்ற அட்டைகளையும் சேர்க்கும் வசதி என்று யோசித்துச் செய்த விஷயங்கள் பல. வெளியூரில் எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தே ஆக வேண்டிய விற்பனை மேலாளருக்கு அதுதான் சரி.

ஆனால் டைரியாக வைத்துக்கொள்கிறவருக்கு அதில் இரண்டு தொல்லைகள். ஒரு நிரலை விட்டு வேறொன்றுக்குப் போனால் முந்தையது மூடிக்கொண்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அது உண்மையில் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். நிரல்கள் சேரச் சேரக் கருவி மந்தமாகும். அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். இன்னொன்று இதைவிடப் பெரியது. எழுதிய விவரமெல்லாம் மின்சாரம் இருக்கும் வரைதான் நிற்கும் நினைவகத்தில் இருந்தது. சார்ஜ் முழுக்கத் தீர்ந்தால் கணினியில் பிரதி எடுக்காததெல்லாம் போய்விடும். பாமிலும் இதே வகை நினைவகம்தான், இதே ஆபத்துதான். ஆனால் வாரக்கணக்கில் ஓடுகிற கருவியில் எச்சரிக்கை வந்தபின் அவகாசம் நிறைய. ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை சார்ஜ் கேட்கும் கருவியை மறந்துவிட்டு ஊருக்குப் போனால் அவகாசம் இல்லை. மின்சாரம் போனாலும் விவரம் போகாத வசதி மைக்ரோசாஃப்ட்டின் கையடக்க மென்பொருளுக்கு 2005-இல்தான் வந்தது. ஒரு டைரி செய்யக்கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: எழுதியதைத் தொலைப்பது. அது பட்டியலில் எந்த வரியிலும் இல்லை.

“எதிர்காலம் மைக்ரோசாஃப்ட்டுடையது, அதனால் அதை வாங்குவோம்” என்ற வாதமும் அப்போது பலமாக இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க இன்று வசதியாக வரலாறு இருக்கிறது.

2000 மார்ச் 2 அன்று பாம் பங்குச் சந்தைக்கு வந்தது. 38 டாலருக்கு விற்ற பங்கு அன்று மாலை 95 டாலரில் முடிந்தது. பாமின் பெரும்பங்கைத் தன்னிடமே வைத்திருந்த தாய் நிறுவனமான த்ரீகாமின் மொத்த மதிப்பை விட பாமின் மதிப்பு அன்று கூடுதல். அந்த வாரம் யாரைக் கேட்டாலும் ஜெயிக்கப்போவது பாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அடுத்த வசந்தத்தில் புதிய மாடலை முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கடைக்கு அனுப்பத் தாமதித்ததில், பழைய மாடல்களை வாங்க ஆளில்லாமல் கோடிக்கணக்கான டாலர் சரக்கு தேங்கியது. அப்போது கேட்டிருந்தால் பதில் மைக்ரோசாஃப்ட்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் போனவர்களுக்காவது நிம்மதி கிடைத்ததா? 2001 இலையுதிர் காலத்தில் வந்த பாக்கெட் பிசி 2002 ஒரே ஒரு வகைப் பிராசஸரில் மட்டுமே ஓடியது. ஐபேக் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அதே மைக்ரோசாஃப்ட்டை நம்பிக் கேசியோவின் கேசியோபியாவையும் எச்.பி.யின் ஜோர்னாடா 540 வரிசையையும் வாங்கியவர்கள் இரண்டு ஆண்டு நிறைவதற்குள் நடுத்தெருவில் விடப்பட்டார்கள். 2006 ஜனவரியில் பாமே தன் ட்ரியோ போனில் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் மொபைலைப் போட்டு விற்றது. அடுத்த ஆண்டு ஐபோன் வந்தது. இந்த இருவரும் ஓரங்கட்டப்பட்டார்கள். 2010-இல் வந்த விண்டோஸ் போனில் பழைய விண்டோஸ் மொபைல் நிரல் ஒன்றுகூட ஓடவில்லை. காம்பாக்கை 2002-இல் வாங்கியதன் வழியாக ஐபேக் எச்.பி.யிடம் போயிருந்தது, 2010-இல் பாமையும் அதே எச்.பி. 120 கோடி டாலருக்கு வாங்கி, மறு ஆண்டே அதன் கருவிகளை நிறுத்திவிட்டது. எதிரிகள் இருவரும் ஒரே வீட்டில் அடங்கினார்கள்.

ஜெயிக்கப்போவது யார் என்ற ஒரே கேள்விக்கு ஏழே ஆண்டில் மூன்று பதில்கள். பந்தயத்தில் பணம் கட்டுகிறவர் ஜெயிக்கிற குதிரையைத் தேடட்டும்; இன்றைக்குச் சந்தைக்குப் போய்த் திரும்ப வண்டி பூட்டுகிறவருக்கு அந்தக் கவலை எதற்கு? 2000-இல் பாம் வாங்கியவர் மூன்று நான்கு ஆண்டு அதை நன்றாகப் பயன்படுத்தினார் என்றால் கொடுத்த பணம் அதற்குள் செரித்துவிட்டது.

பாமின் சிக்கனத்துக்கு ஒரு விலை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அதில் தமிழ் கிடையாது. கிராஃபிட்டி ரோமன் எழுத்துகளுக்காக வரையப்பட்டது. 160 புள்ளித் திரையில் தமிழ் எழுத்து தெளிவாகத் தெரிய இடமும் போதாது. ஐபேக்கிலும் கடையில் வாங்கியபடி தமிழ் எழுத முடியாது. அதன் மென்பொருள் உள்ளுக்குள் யூனிகோடில் ஓடினாலும், கொம்பையும் காலையும் இடம் பார்த்துப் பொருத்தும் பகுதி அதில் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் மேசைக் கணினிகளுக்கே விண்டோஸ் 2000-இல்தான் அது வந்தது. ஆனால் பெரிய திரை, வேகமான பிராசஸர், யூனிகோடு என்ற ஐபேக்கின் பாதையில் போனால்தான் தமிழ் ஒருநாள் உள்ளே வர முடியும். இன்று போனில் தமிழில் தட்டுகிறவர்கள் அந்தப் பாதையின் பயனாளிகள். பாம் அன்றைய தேவைக்குச் சரி, ஐபேக் திசைக்குச் சரி. ஆனால் கடையில் திசையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

பாம் சரியாகச் செய்த இன்னொரு காரியம்தான் இன்றைய வாசகருக்கு மிகவும் பயன்படும். அதன் தாங்கியில் கருவியை நிறுத்தி ஒரே பொத்தானை அமுக்கினால், எழுதியதெல்லாம் கணினிக்குப் பிரதியாகும். ஹாட்சிங்க் என்று பெயர். கணினியில் இருந்த பாம் டெஸ்க்டாப், விண்டோஸிலும் ஓடியது, ஆப்பிள் மேக்கிலும் ஓடியது. பாக்கெட் பிசி அவுட்லுக்கோடுதான் கைகோக்கும். மேக் வைத்திருந்தவர்களை மைக்ரோசாஃப்ட் கண்டுகொள்ளவில்லை. பாம் டெஸ்க்டாப்பிலிருந்து முகவரிகளை வி-கார்டு என்ற பொது வடிவத்தில் வெளியே எடுக்கலாம். 1990-களின் நடுவில் உருவான வடிவம் அது. எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாமல் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அன்று அப்படி எடுத்து வைத்த முகவரிக் கோப்பை இன்றைய ஆண்ட்ராய்டும் ஐபோனும் திறக்கின்றன. செய்த கம்பெனி போய்விட்டது, எழுதி வைத்த நம்பர் போகவில்லை.

இன்று போனும் செயலியும் தேர்ந்தெடுக்கிறவர்கள் கேமராவின் மெகாபிக்சலையும் ராமின் ஜி.பி.யையும் ஒப்பிடுகிறார்கள். நாட்காட்டிச் செயலியில் ஒரு சந்திப்பைக் குறிக்க எத்தனை தட்டல் என்று எந்தக் கடைக்காரரும் செய்து காட்டுவதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. மாதச் சந்தா கட்டும் குறிப்புச் செயலிகள் பலவற்றில் பத்து ஆண்டு எழுதிவிட்டு வெளியேற நினைக்கும்போதுதான், மொத்தமாக எடுக்க வழி இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அதை முதல் நாளே பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனின் தொடர்புகள் செயலியில் ‘ஏற்றுமதி’ என்ற வசதி இருக்கிறது. தட்டினால் எல்லாப் பெயர்களும் நம்பர்களும் ஒரே வி-கார்டு கோப்பாக வந்துவிடும். கூகுள் காலண்டரிலும் கணினி வழியாக இதேபோல் மொத்தத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். புதிய செயலி ஒன்றில் பத்துக் குறிப்பு எழுதிப் பார்த்து, அவற்றை வெளியே எடுத்து, வேறொன்றில் திறக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். சந்தா கட்டுவதற்கு முன்பே செலவிட வேண்டிய அரை மணி நேரம் அது.