மலை ஏறியவர் வாசற்படி ஏற முடியவில்லை!

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு நெசவாளர் குடும்பம். பெரியவருக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது. நாற்பது வருஷம் தறி மிதித்த கால்கள் அவருடையவை. பக்கவாதம் வந்த பிறகு அந்தக் கால்கள் நிற்க மறுத்துவிட்டன. இப்போது சக்கர நாற்காலிதான் அவருக்குக் கால்.

கோடை விடுமுறை வந்தது. கொடைக்கானல் போக வேண்டும் என்றார்கள் பேரப் பிள்ளைகள். "தாத்தாவும் வரணும்" என்று ஒரே பிடிவாதம்!

மகன் ஒரு விடுதிக்குப் போன் செய்தார். "அப்பா சக்கர நாற்காலியில் வருகிறார். அறை வசதியாக இருக்குமா?" என்று கேட்டார்.

"கவலையே வேண்டாம் சார்! தரைத் தளத்தில் அறை தருகிறோம்" என்று பதில் வந்தது. முன்பணமும் கட்டியாயிற்று.

வத்தலக்குண்டு வழியாகக் கார் மலை ஏறியது. வழியெல்லாம் பெரியவர் குழந்தையாகிவிட்டார். மேகத்தைக் காட்டினார். குரங்கைக் காட்டினார். தன் கல்யாணமான புதிதில் பஸ்ஸில் வந்த கதையைச் சொன்னார்.

விடுதி வந்தது. அங்கேதான் வினை!

வாசலில் 3 படிகள். அதைக் கடந்து உள்ளே போனால், தரைத் தளம் சாலைக்குக் கீழே இருந்தது! மலைச் சரிவில் கட்டிய கட்டடம் அது. அறைக்குப் போக இன்னும் 11 படிகள் இறங்க வேண்டும்.

மகனும் விடுதிப் பையன்களும் பெரியவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறைக்குள் நாற்காலி நுழைந்தது. குளியல் அறைக்குள் நுழையவில்லை. கதவின் அகலம் 24 அங்குலம். நாற்காலியின் அகலம் 26 அங்குலம்.

அந்த 2 அங்குலம் அவரை என்ன பாடு படுத்தியது தெரியுமா? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் மகன் தூக்க வேண்டும். இரவில் மகனை எழுப்ப வேண்டும். பெரியவர் கூச்சப்பட்டார். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்! கேட்டால், "தாகம் இல்லை" என்றார்.

இரண்டு நாள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு டம்ளர் தண்ணீர் நிம்மதியாகக் குடிக்கவில்லை.

யார் குற்றம்?

விடுதிக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. தரைத் தளம் என்றார். தரைத் தளத்தைத்தான் கொடுத்தார். நல்லவர்தான். ஆள் அனுப்பித் தூக்கச் சொன்னார்.

ஆனால் ஒரு மனிதரை மூட்டை போலத் தூக்குவது வசதி ஆகாது. தூக்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்வதுதான் வசதி.

திண்டுக்கல்லுக்குப் பூட்டினால் பெருமை. ஆனால் இப்படிப்பட்ட விடுதியில் கதவுக்குப் பூட்டே தேவை இல்லை. கதவு திறந்துதான் இருக்கும். படிகளே பூட்டாக நிற்கும்!

அங்குலக் கணக்கு

சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை என்றால் ஏதோ அரண்மனை என்று நினைக்க வேண்டாம். அது வெறும் அங்குலக் கணக்கு. மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி நெறிகளிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது.

முதலில் சாய்தளம். 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும். வாசலில் ஆறு ஆறு அங்குலமாக 3 படிகள் இருந்தால், உயரம் 18 அங்குலம். அதற்குச் சாய்தளத்தின் நீளம் 18 அடி. நேராக இடம் இல்லையா? திருப்பிக் கட்டலாம். திருப்பத்தில் நாற்காலி நின்று திரும்ப 5 அடிச் சதுரம் விட்டால் போதும். படிமேல் ஒரு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துவிட்டு, "சாய்தளம் இருக்கிறது" என்று சொல்லக் கூடாது. நாற்காலி பின்பக்கம் கவிழ்ந்துவிடும்.

அடுத்தது கதவு. அறைக் கதவும் குளியல் அறைக் கதவும் திறந்த பிறகு, 3 அடி வழி இருக்க வேண்டும்.

கட்டில், நாற்காலியின் உயரத்துக்கே இருக்க வேண்டும். சுமார் ஒன்றரை அடி. அப்போதுதான் நாற்காலியில் இருந்து கட்டிலுக்குத் தானே நகர்ந்து உட்கார முடியும். கழிப்பறையிலும் அதே உயரத்தில் உட்காரும் பீடம் வேண்டும். பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். கம்பியைச் சுவரில் உறுதியாகப் பதிக்க வேண்டும். மனிதரின் முழுப் பாரத்தையும் அது தாங்க வேண்டும்.

குளியல் அறைக் கதவு வெளிப்பக்கம் திறந்தால் நல்லது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். உதவிக்குப் போக முடியாது.

இந்த வசதி நாற்காலியில் வருபவருக்கு மட்டும் அல்ல. முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும், பெட்டியை இழுத்து வருபவருக்கும் அதே சாய்தளம்தான் வழி.

பழனியைப் பாருங்கள்!

இது நம்மால் ஆகாத காரியமா? நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

பழனி மலைக்கு ஏறக்குறைய 700 படிகள். ஏற முடியாதவர்களுக்காக 1966-லேயே அங்கே விஞ்ச் ஓடத் தொடங்கிவிட்டது. 2004-ல் ரோப் காரும் வந்தது. 700 படிக்கு வழி கண்டுபிடித்த நாம், விடுதி வாசலில் உள்ள 3 படிக்கு வழி கண்டுபிடிக்கவில்லை!

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடல் அருகே வரை மரப் பாதை திறந்தார்கள். அதன் நீளம் 263 மீட்டர். அதற்கு முன்பு சக்கர நாற்காலிக்காரர்கள் மணலுக்கு இப்பால் நின்று, தூரத்தில் இருந்தே கடலைப் பார்த்தார்கள். அடுத்த மாதமே புயலில் அந்தப் பாதை சேதம் அடைந்தது. ஆனாலும் விட்டுவிடவில்லை. மறுபடி சரி செய்தார்கள். மணலிலேயே பாதை போட முடிந்தால், சிமெண்ட் தரையில் முடியாதா?

சட்டம் என்ன சொல்கிறது?

இது இரக்கப்பட்டுச் செய்யும் தருமம் அல்ல. உரிமை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பொதுமக்கள் வந்து போகும் கட்டடம் எதுவானாலும், அரசாங்கத்துடையதோ தனியாருடையதோ, அது பொதுக் கட்டடம்தான் என்கிறது இந்தச் சட்டம். விதிப்படி வசதி காட்டாத வரைபடத்துக்குக் கட்ட அனுமதி கொடுக்கக் கூடாது. ஏற்கனவே உள்ள கட்டடங்களுக்கு 5 ஆண்டு தவணை. விதிகள் வந்தது 2017-ல். தவணை 2022-ல் முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் தடவை ரூ.10 ஆயிரம் வரை அபராதம். மறுபடி மீறினால் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.5 லட்சம் வரை.

2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு படி மேலே போயிற்று. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் தொடுத்த வழக்கு அது. கட்டட வசதி பற்றிய விதி, "செய்தால் நல்லது" என்று புத்தி சொல்வதோடு நின்றுவிடுகிறது. "செய்தே ஆக வேண்டும்" என்று கட்டளையிடவில்லை என்று நீதிபதிகள் கண்டார்கள். அந்த விதி சட்டத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார்கள். கட்டாயமாகச் செய்ய வேண்டியவற்றைத் தனியாகப் பிரித்து, 3 மாதத்தில் விதி வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்கள்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். அவர்கள் தனியாக ஊருக்குப் போவது இல்லை, குடும்பத்தோடு போவார்கள். ஒருவர் தங்க முடியாத விடுதிக்கு ஐந்து பேர் வர மாட்டார்கள். விடுதி முதலாளிகள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்!

அளந்து கேளுங்கள்

நகராட்சிகள் வரைபடத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. கட்டி முடிந்ததும் ஒரு சக்கர நாற்காலியைத் தெருவில் இருந்து கழிப்பறை வரை தள்ளிப் பார்க்க வேண்டும். போனால் சான்றிதழ், போகாவிட்டால் இல்லை!

பழைய விடுதிக்காரர்கள் எல்லா அறையையும் இடிக்க வேண்டாம். முதலில் ஒரே ஓர் அறையை ஒழுங்கு செய்யட்டும். சாலை மட்டத்தில் உள்ள அறையாக அது இருக்கட்டும்.

வெளியூர் போகிறவர்களும் "வசதி உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "உண்டு" என்றுதான் பதில் வரும். அளவைக் கேளுங்கள். "தெருவில் இருந்து அறை வரை எத்தனை படி? குளியல் அறைக் கதவு எத்தனை அங்குலம்? பிடிக்கக் கம்பி இருக்கிறதா? ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். கிளம்பும் முன்பு வீட்டு நாற்காலியையும் அளந்துகொள்ளுங்கள். பத்துப் பேர் இப்படிக் கேட்டால், பதினோராவது ஆளுக்கு முன்பே விடுதியில் கதவு அகலமாகிவிடும்.

நாகல் நகர்க் குடும்பம் அடுத்த ஆண்டும் சுற்றுலா கிளம்பியது. பேரப் பிள்ளைகள் தாத்தாவைக் கூப்பிட்டார்கள்.

"நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர்.

நம் வீடுகளில் எத்தனையோ பெரியவர்கள் இந்த வார்த்தையைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஊர் பார்க்க ஆசை இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஆசை இருக்கிறது. வழிதான் இல்லை. அதுவும் 2 அங்குல வழி!