கிலுகிலுப்பை கற்றுக்கொண்ட புதுத் தொழில்

மகாராஜபுரம், வத்திராயிருப்பு பக்கம் நெல் பயிரிடுகிறவர்களுக்குச் சணப்பையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்கு அருமையான தழை உரம். சாலையோரம் மஞ்சளாகப் பூத்து, காய் முற்றியதும் ஆட்டினால் சத்தம் போடும் கிலுகிலுப்பை, இதன் நெருங்கிய சொந்தம்.

இந்தச் செடிகள் வாடிக் கிடக்கிற இடத்தில், கறுப்பு இறக்கையில் இளநீலக் கோடுகள் போட்ட 'புளூ டைகர்' பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவே இல்லாத காய்ந்த தண்டில் அவற்றுக்கு என்ன வேலை?

அவை தேடி வருவது தேனை அல்ல, விஷத்தை! பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்று அதற்குப் பெயர். ஆண் பட்டாம்பூச்சி இதை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் வாசனைப் பொருளாக மாற்றிக்கொள்கிறது. பறவைகள் தின்னாமல் இருக்க இதுவே பாதுகாப்பும்கூட.

சரி, செடிக்கு இந்த விஷத்தைத் தயாரிக்க யார் கற்றுக்கொடுத்தது?

செடியின் உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதி, அதாவது என்சைம் இருக்கிறது. புரதம் தயாரிக்கும் வேலைக்குத் துணை நிற்கும் பழைய நொதி ஒன்று எல்லாச் செடிகளிலும் உண்டு. நம் உடம்பிலும் உண்டு. ஒரு புரதத்தில் சின்னத் துண்டு ஒன்றை ஒட்டவைப்பது அதன் தொழில். சில சமயம் அதே துண்டை வேறொரு சிறு மூலக்கூறிலும் ஒட்டிவிடும். அது ஓர் உபதொழில் மாதிரி.

எப்போதோ ஒரு காலத்தில் அந்த நொதிக்கான மரபணு இரண்டு பிரதியாகிவிட்டது. அண்ணன் குடும்பத் தொழிலைப் பார்த்துக்கொண்டால், தம்பி வெளியூர் வேலைக்குப் போகலாம் இல்லையா? அதேதான் நடந்தது. ஒரு பிரதி பழைய வேலையில் நின்றது. மற்றொன்று கொஞ்சம் கொஞ்சமாக மாறி, பழைய வேலையை விட்டுவிட்டு உபதொழிலையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டது. ஆல்கலாய்டு தயாரிப்பின் முதல் படி அதுதான். ஜெர்மனியின் டீட்ரிக் ஓபர், தாமஸ் ஹார்ட்மன் இருவரும் சூரியகாந்திக் குடும்பச் செடி ஒன்றில் 1999-ல் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இதைவிட ஆச்சரியம், அவரைக் குடும்பத்துக் கிலுகிலுப்பையும் வேறு குடும்பத்துத் தேள்கொடுக்கும் இதே வழியைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன. கிலுகிலுப்பை இனத்தில் இந்த வேலை நடக்கும் இடம் வேர் முடிச்சு. முடிச்சில் பாக்டீரியா குடியேறாவிட்டால் ஆல்கலாய்டும் இல்லை என்று கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள்.

இனி நம் வீட்டு விஷயம். இந்த ஆல்கலாய்டு வயிற்றுக்குள் போனால், அதை வெளியேற்றும் முயற்சியில் நம் கல்லீரலே அதைக் கொடிய பொருளாக மாற்றிவிடுகிறது. கல்லீரலின் சிறு ரத்தக்குழாய்கள் அடைபட்டு, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். 1970-களில், இப்போது சத்தீஸ்கரில் இருக்கும் சர்குஜா மாவட்டத்தில், சிறுதானியத்தோடு கிலுகிலுப்பை இன விதை கலந்ததால் கிராமத்து மக்கள் பலர் இறந்தார்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது. ஜமைக்காவில் 1950-களில் இந்த இனச் செடிகளைக் கஷாயமாகக் குடித்த குழந்தைகளின் கல்லீரல் இதேபோல் பழுதானது.

அதனால் சணப்பையை வெறுக்க வேண்டாம். உரமாக அது நல்ல பயிர். ஆனால் அதன் விதையைத் தானியத்திலும் மாட்டுத் தீவனத்திலும் கலக்க விடாதீர்கள். சிறுதானியத்தை நன்றாகப் புடைத்து, வேற்று விதைகளைப் பொறுக்கி எடுத்த பிறகே அரையுங்கள். 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்று தேள்கொடுக்கு இலையைக் காய்ச்சிக் குடிக்காதீர்கள். கேள்விப்பட்ட கைவைத்தியம் எதையும் தகுதியுள்ள மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிள்ளைகள் கிலுகிலுப்பைக் காயை ஆட்டி விளையாடட்டும். உள்ளே சத்தம் போடும் விதை மட்டும் வாய்க்குப் போகக் கூடாது.